நரம்பா, தசையா? குடல் துண்டு ஒன்றில் கண்டுபிடிக்கும் முறை

ஒரு மருந்தைப் போட்டதும் குடல் சுருங்குகிறது. மருந்து நேராகத் தசையைத் தொட்டதா, இல்லை குடல் சுவருக்குள் இருக்கும் நரம்பணுக்களைத் தட்டி, அவை அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் சேதிப்பொருளைச் சுரந்ததால் தசை சுருங்கியதா? மருந்தியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்த வருடங்களில் நான் ரொம்பவும் விரும்பிச் செய்து காட்டிய சோதனை இதுதான். இளநிலை வகுப்புகளில் இப்போது இதைக் கணினியில்தான் காட்டுகிறார்கள். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி ஆய்வு செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் டைரோடு கரைசல், அதாவது குடல் துண்டை உயிரோடு வைத்திருக்கும் உப்புக் கரைசல். ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 8 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.2, மெக்னீசியம் குளோரைடு 0.1, சோடியம் பைகார்பனேட் 1, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.05, குளுக்கோஸ் 1, கால்சியம் குளோரைடு 0.2 கிராம். கால்சியத்தைத் தனியாகக் கரைத்து, மற்றதெல்லாம் நன்றாக நீர்த்த பிறகு கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிக்கொண்டே விடுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லா உப்பையும் ஒன்றாகக் கொட்டிவிட்டேன். கரைசல் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்து, அன்றைய சோதனையே நின்றுபோனது. வெள்ளையாக அடியில் தங்குவது கால்சியம்தான். அது இல்லாமல் நரம்பும் சுரக்காது, தசையும் சுருங்காது.

கினிபிக்கின் சிறுகுடல் கடைப்பகுதிதான் இதற்குத் தோது. முயலின் குடல் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும். கினிபிக்கினுடையது பெரும்பாலும் அமைதியாக இருக்கும், அதனால் சுருக்கத்தைப் பதிவு செய்யும் கோடு நேராக வரும். பெருங்குடலோடு சேரும் இடத்தை ஒட்டிய 10 செ.மீ.யை ஒதுக்கிவிட்டு, 2 முதல் 3 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். உள்ளே இருப்பதை பிப்பெட்டால் கரைசலை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவுங்கள், விரலால் பிதுக்க வேண்டாம். நாம் தேடும் நரம்பணுக்களின் வலை இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. நசுக்கினால் அதுதான் கெடும். நூல் கட்டும்போது வாயை அடைத்துவிடாமல் சுவரின் ஓரத்தில் மட்டும் ஊசியைக் கோத்து எடுங்கள். ஒரு விலங்கிலிருந்து பல துண்டுகள் கிடைக்கும். பக்கத்து மேசைக்காரரையும் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். ஓர் உயிரை எடுத்திருக்கிறோம், ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது.

துண்டைக் கரைசலுக்குள் தொங்கவிடும் கலமான ஆர்கன் பாத்தில் 37 டிகிரி, இடைவிடாத காற்றுக் குமிழ், அரை முதல் ஒரு கிராம் இழுவை. அரை மணி நேரமாவது சும்மா விடுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல் எடுத்த பதிவை நான் நம்பவே மாட்டேன்.

சரி, இனி மருந்து. பாத் 20 மி.லி. என்றால், 10 மைக்ரோமோலார் அசிட்டைல்கோலினில் 0.2 மி.லி. விட்டால் உள்ளே 0.1 மைக்ரோமோலார் ஆகும். 30 விநாடி வைத்து, மூன்று முறை கழுவுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். இரண்டு சுருக்கமும் ஒரே உயரத்தில் வந்தால் துண்டு தயார். அப்புறம் நிகோட்டின், உள்ளே 5 மைக்ரோமோலார் அளவு போதும். கையுறை கட்டாயம், நிகோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். அடுத்தடுத்துப் போட்டால் நரம்பணு மரத்துப்போய்ப் பதில் குறையும், ஆகவே நடுவில் 15 நிமிடம் விடுங்கள்.

இப்போது ஹெக்ஸமெத்தோனியம், 100 மைக்ரோமோலார். பத்து நிமிடம் ஊறட்டும். அது இருக்கும்போதே இரண்டையும் மறுபடி போடுங்கள். அசிட்டைல்கோலினுக்கு முன்பு போலவே சுருங்கும். நிகோட்டினுக்குக் கோடு அசையாது. ஹெக்ஸமெத்தோனியம் அடைப்பது நரம்பணுவின் மேலுள்ள நிகோட்டின் ஏற்பியை, அதாவது நிகோட்டின் வந்து ஒட்டும் இடத்தை. தசையிலுள்ள ஏற்பி வேறு வகை, அதை இது தொடாது. அப்படியானால் நிகோட்டின் நரம்பு வழியாகத்தான் வேலை செய்திருக்கிறது. நன்றாகக் கழுவி அரை மணி நேரம் விட்டால் நிகோட்டினின் சுருக்கம் திரும்பி வரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிமிடத்தில் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அட்ரோபினைக் கடைசிக்கு வையுங்கள். அது தசையிலுள்ள ஏற்பியையே அடைக்கிறது, கழுவினாலும் லேசில் போகாது. 1 மைக்ரோமோலார் போட்டால் அசிட்டைல்கோலினின் சுருக்கம் படுத்துவிடும், நிகோட்டினுடையதும் பெரும்பாலும் அதோடு போய்விடும். நிகோட்டினுக்கு மட்டும் சின்னதாக ஒரு மேடு மிஞ்சினால், கைப்பிழை என்று நினைத்து அந்தப் பதிவைத் தூக்கிப் போடாதீர்கள். குடல் நரம்பணுக்கள் அசிட்டைல்கோலினை மட்டும் சுரப்பதில்லை, சப்ஸ்டன்ஸ் பி என்ற சிறு புரதத் துணுக்கையும் சுரக்கின்றன. அட்ரோபின் அதைத் தடுக்காது. அந்த மேட்டின் உயரத்தையும் அளந்து குறித்து வையுங்கள்.