ட்ரவுட் பெரிதாக வளர வேண்டுமா? முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்

வீட்டுக் குளத்தில் ட்ரவுட் மீனைப் பெரிதாக வளர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் தீவனத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று கேட்பேன். ரெயின்போ ட்ரவுட் 12 முதல் 18 டிகிரி செல்சியஸில் நன்றாகத் தின்று வளரும். 20-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கோ அப்போதுதான் அது அதிகம் தேவைப்படுகிறது.

ஒயரில் சென்சார் தொங்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அடித் தண்ணீரையும் அளந்து பாருங்கள். ஆழமான குளமாக இருந்தால், கோடையில் மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் கீழே குளிர்ச்சி தங்கியிருக்கும். மீன் அங்கேதான் ஒதுங்கும். பகல் வெயிலில் அடியிலிருந்து குமிழி விடும் ஏரேட்டரை ஓட்டினால், சூடான மேல்தண்ணீர் கீழே கலந்து அந்த இடமும் கெட்டுவிடும். இரவில் ஓட்டுங்கள். பாசியும் செடிகளும் இரவு முழுக்கச் சுவாசிப்பதால் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்துக்கும் இது கைகொடுக்கும்.

20 டிகிரியைத் தாண்டிய நாட்களில் தீவனம் போடவே வேண்டாம். பாவம், பசிக்குமே என்று மனசு கேட்காதுதான். ஆனால் செரிப்பதற்கும் ஆக்சிஜன் செலவாகும், மிச்சத் தீவனம் அழுகினால் அதுவும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் குளிர்ந்ததும் அவை தானாகவே ஆவலாகத் தின்னும்.

அப்புறம், குஞ்சுகளைக் குறைவாகவே விடுங்கள். நெருக்கடியான குளத்தில் பெரிய மீன் உருவாகாது.