அமெரிக்க ஓவியர்களைப் பற்றிய ஆவணப்படங்களை வகுப்பில் காட்டும் முறை

ஓவியர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்தை வகுப்பில் முழுவதுமாக ஓடவிட்டு, முடிந்த கையோடு கேள்வித்தாளைக் கொடுத்தால், மாணவர்கள் பெரும்பாலும் அவருடைய வாழ்க்கைக் கதையைத்தான் எழுதித் தருவார்கள். ஓவியம் அவர்கள் நினைவில் தங்கியிருக்காது. ஓவியத்தின் எந்த மூலையிலிருந்து பார்க்கத் தொடங்குவது, எவ்வளவு நேரம் நின்று பார்ப்பது என்பதை நேரில் பார்ப்பவர் தாமே தீர்மானிக்கிறார், ஆனால் ஆவணப்படத்தில் அந்த உரிமை கேமராவிடம் போய்விடுகிறது. அதை மாணவரிடம் திருப்பிக் கொடுப்பதே ஆசிரியரின் முதல் வேலை என்று நான் கருதுகிறேன்.

எனவே, ஆவணப்படத்துக்கு முன்னால் ஓவியத்தின் தெளிவான அச்சுப்படியை மாணவர்கள் முன் வைத்து, ஐந்து நிமிடம் பேச்சின்றிப் பார்க்கச் செய்யுங்கள். சிகாகோ கலை நிறுவனத்தில் உள்ள எட்வர்ட் ஹாப்பரின் ‘நைட்ஹாக்ஸ்’ (1942) இதற்கு மிகவும் ஏற்றது. இரவு உணவகத்தில் அமர்ந்திருக்கும் மனிதர்களின் முகங்களுக்குக் கேமரா நெருங்கிச் சென்றுவிட்டால், தெருவிலிருந்து அந்த உணவகத்துக்குள் நுழைய ஒரு கதவுகூட ஓவியத்தில் தென்படவில்லை என்பதைக் கவனிக்க வாய்ப்பில்லாமல் போய்விடும். அதை முன்கூட்டியே தாமாகக் கண்டுபிடித்த மாணவர், பிறகு வருணனையாளர் தனிமையைப் பற்றிப் பேசும்போது, அந்தக் கருத்துக்கு ஓவியத்தில் எங்கே ஆதாரம் இருக்கிறது என்று தேடத் தொடங்குவார்.

அடுத்து அளவு. திரை எல்லா ஓவியங்களையும் ஒரே அளவாக்கிவிடுகிறது. அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டன் தம் படையோடு டெலவேர் ஆற்றைக் கடப்பதை இமானுவேல் லாய்ட்சே 1851இல் தீட்டிய ஓவியம் ஏறத்தாழ 3.8 மீட்டர் உயரமும் 6.5 மீட்டர் அகலமும் கொண்டது. அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெற்கு மாநிலங்களின் கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த வரலாற்றை ஜேக்கப் லாரன்ஸ் 1940–41இல் 60 சிறு பலகைகளில் தீட்டினார். ஒவ்வொரு பலகையும் ஏறத்தாழ 30 செ.மீ.க்கு 45 செ.மீ. மட்டுமே. இரண்டையும் திரையில் காட்டும் முன், சுண்ணக்கட்டியால் தரையில் இரண்டு அளவுகளையும் வரையச் சொல்லுங்கள். மாணவர்கள் பெரிய செவ்வகத்துக்குள் நடந்தும் சிறியதன் முன் குனிந்தும் பார்த்த பிறகு, அரங்கில் திரண்டு நிற்போருக்கான ஓவியத்துக்கும் அருகில் வந்து ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டிய ஓவியத்துக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. லாரன்ஸ் எல்லாப் பலகைகளையும் ஒருசேர விரித்து வைத்து, ஒவ்வொரு நிறமாக எல்லாவற்றிலும் தீட்டிச் சென்றார் என்பதையும் சொல்லுங்கள். 60 பலகைகளிலும் நிறங்கள் ஒரே குரலில் பேசுவதற்கு அதுவே காரணம்.

ஓவியர் வேலை செய்வதை நேரடியாகக் காட்டும் காட்சிகளே இவ்வகை ஆவணப்படங்களின் உண்மையான செல்வம். அச்சுப்படியால் அதைத் தர இயலாது. ஜாக்சன் பொல்லாக், லாங் ஐலண்டில் தரையில் விரித்த துணியைச் சுற்றி நடந்தபடி வண்ணத்தைச் சொட்டவும் வீசவும் விடுவதைப் புகைப்படக் கலைஞர் ஹான்ஸ் நாமுத் 1950இல் படமாக்கினார். ஏறத்தாழ 10 நிமிடம் ஓடும் இந்தப் படத்தை இரண்டு முறை காட்டுங்கள். முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டு, தோள், மணிக்கட்டு, கால்கள் ஆகியவற்றின் அசைவை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை பொல்லாக்கின் குரலோடு காட்டுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அவர் தீட்டுவதை அடியிலிருந்து எடுத்த காட்சியில், முதல் முயற்சியைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார். அங்கே நிறுத்துங்கள். தற்செயலாகக் கொட்டியது என்று நினைத்த மாணவருக்கு, ஓவியர் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கிறார் என்பது அந்த ஒரு கணத்தில் புரியும். அதோடு, வழக்கமாகத் தம் ஓவியக்கூடமான களஞ்சியத்துக்குள் வேலை செய்தவர் படப்பிடிப்புக்குத் தேவையான வெளிச்சத்துக்காக வெளியே வந்து தீட்டினார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேமரா இல்லாதிருந்தால் அவர் எப்படி வேலை செய்திருப்பார் என்ற கேள்வி, பெரிய வகுப்பு மாணவர்களை நெடுநேரம் பேச வைக்கும்.

ஓவியத்தையே வரலாற்றுச் சான்றாகக் காட்டும் வருணனையைச் சோதித்துப் பார்க்கவும் பழக்குங்கள். டெலவேரைக் கடந்தது 1776 டிசம்பரில். லாய்ட்சேயின் படகில் பறக்கும் அமெரிக்க நட்சத்திரக் கொடி ஏற்கப்பட்டதோ 1777 ஜூனில். ஓவியரைப் பிழை செய்தவராகக் காட்டுவது இங்கே நோக்கமன்று. முக்கால் நூற்றாண்டு கழித்து ஜெர்மனியில் அமர்ந்து தீட்டிய ஒருவர் அந்தக் கொடியை ஏன் விரும்பினார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நீளத்தைப் பொறுத்தவரை, ஒரு பாடவேளைக்கு 12 முதல் 15 நிமிடக் காட்சி போதும். வசன வரிகள் உள்ள பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். நிறம் திரிந்த பழைய பதிவுகளைத் தவிருங்கள்.

இறுதியாக, பார்த்த ஓவியங்களில் ஒன்றை மீண்டும் அசையாமல் திரையில் நிறுத்தி, அதற்கான ஒரு நிமிட வருணனையை மாணவர்களையே எழுதி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஓவியரின் பிறப்பையோ திருமணத்தையோ இறப்பையோ குறிப்பிடக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.