மதிப்புறு முனைவர் பட்டத்துக்கு ஒருவரை முன்மொழிவது எப்படி?

சேலத்திலும் சேர்வராயன் மலையூர்களிலும், கல்லூரிப் படியே ஏறாமல் ஒரு துறைக்கு ஆதாரமான வேலையைச் செய்து முடித்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பாட்டுகளையும் மூலிகை அறிவையும் வாழ்நாள் முழுக்கத் திரட்டியவராக இருக்கலாம். தெருக்கூத்தின் அடவுகளையும் பாடங்களையும் மூன்று தலைமுறைக்குக் கற்றுக் கொடுத்த வாத்தியாராக இருக்கலாம். அப்படிப்பட்ட ஒருவருக்குப் பல்கலைக்கழகம் தரும் மதிப்புறு முனைவர் பட்டம், அதாவது நாம் கௌரவ டாக்டர் பட்டம் என்று சொல்வது, கிடைக்க வேண்டும் என்று விரும்புகிற ஆசிரியர்களுக்கும் ஊர் அமைப்புகளுக்கும் இதை எழுதுகிறேன். இந்தப் பட்டம் கேட்டு வாங்குவதன்று. தகுதியானவருக்காக அவரை அறிந்த மற்றவர்கள் ஆதாரத்தோடு எடுத்துரைக்க வேண்டியது.

முதலில் யாரிடம் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டம், 22-ஆவது பிரிவில், பட்டம் வழங்கும் உரிமையை மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் அளித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே தருகிறது. ஆகவே எந்தக் கல்லூரியும், அது தன்னாட்சிக் கல்லூரியாகவே இருந்தாலும், தன் பெயரில் மதிப்புறு பட்டம் கொடுக்க முடியாது. 1857-இல் தொடங்கிய பெருமைக்குரிய சேலம் அரசு கலைக் கல்லூரிக்கும் இதுதான் நிலை. அங்கே படிப்பவர்களுக்குப் பட்டம் வருவது பெரியார் பல்கலைக்கழகத்திலிருந்து. கல்லூரி செய்யக் கூடியது, தன் முதல்வர் வழியாக ஒருவர் பெயரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைப்பது. அந்த உதவியைக் குறைவாக எண்ண வேண்டாம், ஏனெனில் தனி ஆள் எழுதும் கடிதத்தைவிடத் துறைத் தலைவரும் முதல்வரும் கையெழுத்திட்ட முன்மொழிவு கவனமாகப் படிக்கப்படும்.

கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளுக்காக அமைக்கப்பட்டது என்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் அருகில் இருப்பது என்பதற்காக மட்டும் ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த வேலையின் மதிப்பை அறியக் கூடிய துறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுவடி, நாட்டார் வழக்காறு என்றால் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம், விதை, பயிர் என்றால் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம், இசை, கூத்து என்றால் சென்னையில் உள்ள இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் என்று யோசிக்கலாம். பட்டத்தின் வகையும் வேலைக்கு ஏற்ப மாறும்: இலக்கியம், கலை ஆகியவற்றுக்கு டி.லிட்., அறிவியலுக்கு டி.எஸ்சி., பொதுவாழ்வுக்கும் சட்டத்துக்கும் எல்.எல்.டி. என்பது வழக்கம்.

அடுத்து வருவது கோப்பு. பெரும்பாலான முன்மொழிவுகள் வலுவிழப்பது இங்கேதான் என்பது என் கருத்து. ‘அன்னார் பெரும் தொண்டாற்றினார்’ என்று பத்துப் பக்கம் எழுதினாலும், என்ன தொண்டு, அதனால் யார் என்ன கற்றார்கள் என்பது இல்லாவிட்டால் குழுவில் இருப்பவர்களுக்கு எடுத்துப் பேச ஒன்றும் இராது. எதைக் காட்ட வேண்டும் என்பதற்கு நம் ஊரோடு தொடர்புடைய ஒரு முன்னுதாரணமே இருக்கிறது. 1880-இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியால் தொடங்கிய உழைப்பில் 1887-இல் சிந்தாமணி அச்சேறியது; பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் பின்னால் வந்தன. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத சாமிநாதையருக்கு 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. அவருக்காக வாதாடப் புகழுரை தேவைப்பட்டிருக்காது. பதிப்புகளின் பட்டியலே போதும். நீங்கள் முன்மொழிபவருக்கும் அப்படி ஒரு பட்டியலைத்தான் உண்டாக்க வேண்டும்: நூல்கள், ஒலிப்பதிவுகள், காப்பாற்றிய விதைகள், உருவாக்கிய மாணவர்கள், அவரது வேலையை மேற்கோள் காட்டிய ஆய்வேடுகள். எழுத்தில் ஒன்றும் இல்லாத கலைஞர் என்றால், அவர் அறிவை ஒலி, ஒளிப்பதிவாக்கி எழுத்திலும் கொண்டுவருவதற்கு ஓராண்டைச் செலவிடுங்கள். பட்டம் வராமற் போனாலும் அந்தப் பதிவு நிற்கும், அதுவே பெரிய லாபம். இதோடு, உறவும் வியாபாரத் தொடர்பும் இல்லாத வெளியூர் அறிஞர்கள் இரண்டு மூன்று பேரின் மதிப்பீட்டுக் கடிதங்களையும் சேர்க்க வேண்டும்.

கோப்பு பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். துணைவேந்தர் ஏற்றால் தகுதியை ஆராய ஒரு குழு அமைக்கப்படலாம். பிறகு ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டும், அந்தப் பல்கலைக்கழகத்தின் விதிகள் கேட்கும் மற்ற அவைகளும் அதை ஏற்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் இறுதியாக வேந்தரின் ஒப்புதல் வேண்டும். பெரியார் பல்கலைக்கழகத்துக்கு ஆளுநர் வேந்தர். இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு முதலமைச்சர் வேந்தர். ஒவ்வொரு பல்கலைக்கழகச் சட்டத்திலும் சாசன விதிகளிலும் இதற்கென உள்ள பகுதியை நீங்களே ஒருமுறை படித்துவிட்டு எழுதுவது நல்லது. இத்தனை படிகள் இருப்பதால், பட்டமளிப்பு விழா அறிவிப்பு வந்த பிறகு விண்ணப்பிப்பது பயன் தராது. முடிவு உறுதியாகும் வரை அந்தப் பெரியவரிடமோ பத்திரிகைகளிடமோ சொல்லாமல் இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

பணம் கேட்கும் எவரிடமும் போகாதீர்கள். பதிவுக் கட்டணம், அங்கிக் கட்டணம், விழாச் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும், பல்கலைக்கழகம் மனமுவந்து அளிக்கும் மதிப்புக்கு விலை கிடையாது. 2023-இல் ஒரு தனியார் அமைப்பு சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கில் விழா நடத்திப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் என்று வழங்கியது; தங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்துக் காவல்துறைக்குப் போயிற்று. அரங்கம் வாடகைக்குக் கிடைக்கும், பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடைக்காது. மானியக்குழுச் சட்டம் இத்தகைய குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான். ஆகவே நம்மைக் காப்பது நம் விசாரிப்புத்தான். சந்தேகம் வந்தால், அந்த நிறுவனம் மானியக்குழுவின் பட்டியலில் உள்ளதா என்று இணையத்தில் பார்த்துவிடலாம்.

பட்டம் கிடைத்த பின், அதைக் கல்வித் தகுதியாகக் காட்டி வேலையோ பதவி உயர்வோ கேட்க முடியாது. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளாமல், பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் ‘மதிப்புறு’ என்ற குறிப்போடு எழுதுவதே பண்பான வழக்கம். விழாவில் வாசிக்கப்படும் பாராட்டுரைக்குப் பல்கலைக்கழகம் உங்களிடம் விவரம் கேட்டால், ஊர்ப் பெயர்களும் ஆண்டுகளும் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று அந்தப் பெரியவரின் வீட்டாரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். அவர் தள்ளாமையால் மலையிலிருந்து இறங்கி வர முடியாதவர் என்றால், அதையும் பதிவாளருக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். 1940 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், முதுமையுற்றிருந்த தாகூருக்குச் சாந்திநிகேதனுக்கே தன் பிரதிநிதிகள் வழியாகப் பட்டத்தைக் கொண்டு சேர்த்தது. கருப்பூரிலிருந்து ஏற்காட்டுக்கு வருவது அதைவிட மிக எளிது என்று தயங்காமல் கேட்கலாம்.