வரைவதை நம்பி வாழ்வது: புதிதாக வரும் ஃப்ரீலான்ஸ் இல்லஸ்ட்ரேட்டர்களுக்கு ஒரு செய்முறை

யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு இல்லாமல், ஒவ்வொரு வேலைக்கும் தனியாகக் காசு பேசிப் படம் வரைந்து கொடுப்பதுதான் ஃப்ரீலான்ஸ் இல்லஸ்ட்ரேஷன். நன்றாக வரையத் தெரிந்தவர்களே இந்தத் தொழிலை விட்டுப் போவதைப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது. அவர்கள் கைத்திறனில் குறை இருக்காது. விலை சொல்லவும் எழுத்தில் ஒப்பந்தம் போடவும் யாரும் கற்றுத் தந்திருக்க மாட்டார்கள்.

சந்தை மாறுவது புதிதில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பத்திரிகைகள் ஓவியத்திலிருந்து புகைப்படத்துக்கு நகர்ந்தன. 2000களில் யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தும்படி முன்பே எடுத்து வைத்த மலிவான ஸ்டாக் படங்கள் பெருகின. 2022இல் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற, எழுதிக் கேட்டால் படம் உருவாக்கித் தரும் ஏஐ கருவிகள் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன. யார் வரைந்தாலும் ஒன்றுதான் என்ற வகை வேலைதான் இதிலெல்லாம் முதலில் அடிவாங்குகிறது. அதனால் அங்கிருந்து தள்ளி நிற்பதிலிருந்தே ஆரம்பிப்போம்.

படி 1: எந்த வேலைக்கு வரைகிறீர்கள்?

குழந்தைகள் புத்தகம், பத்திரிகைக் கட்டுரை, புத்தக அட்டை, பேக்கேஜிங், அறிவியல் விளக்கப்படம் என எத்தனையோ துறைகள் உண்டு. முதலில் இரண்டு போதும். போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை கொடுப்பவருக்குக் காட்டும் உங்கள் படத் தொகுப்பில், 12 முதல் 15 படங்கள் வையுங்கள். எல்லாம் அந்தத் துறைக்கு ஏற்றவையாக இருக்கட்டும். குழந்தைகள் படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். ஆகவே ஒரே குழந்தை ஓடுவது, அழுவது, முதுகு காட்டி நிற்பது என்று வரைந்து, முகம் மாறாமல் கொண்டுபோக முடியும் என்பதைக் காட்டுங்கள். எழுத்துக்கு இடம் விட்ட பக்கங்களும் சில வேண்டும். பத்திரிகை வேலை வேண்டுமென்றால், ஏற்கெனவே வெளிவந்த கட்டுரை ஒன்றுக்கு நீங்களாகவே ஒரு படம் வரைந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: அடிமட்ட விலை

வருடச் செலவு, வரி, கருவிகள், சேமிப்பு எல்லாவற்றையும் கூட்டுங்கள். வாரம் 40 மணி நேரம் உழைத்தாலும் மின்னஞ்சல், பில், வேலை கொடுப்பவரைத் தேடுவது போக 20 மணி நேரம்தான் காசாகும் என்று வையுங்கள். விடுமுறை போக வருடத்தில் 46 வாரம் என்றால் அது 920 மணி நேரம். கூட்டிய தொகையை இதனால் வகுத்தால் வருவதுதான் ஒரு மணி நேரத்துக்கு உங்கள் அடிமட்ட விலை. இது உங்களுக்கான கணக்கு. கிளையன்டிடம் (வேலை கொடுப்பவரிடம்) சொல்ல வேண்டாம்.

படி 3: விற்பது பயன்பாட்டு உரிமம்

இங்கே நிதானமாகப் படியுங்கள். படைப்பாளர் உரிமைக்காக 1886இல் உருவான பெர்ன் என்ற சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில், படம் வரைந்தவுடனேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. அதற்காகப் பதிவு செய்யத் தேவையில்லை. அந்த உரிமையை நீங்களே வைத்துக்கொண்டு, படத்தைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் விற்பதுதான் உரிமம். வேலை கொடுத்தவருக்கே உரிமை போகும் விதிவிலக்குகள் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விலை சொல்லும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். படம் எதில் வரும்? எந்தெந்த நாடுகளில்? எத்தனை காலம்? அந்தக் கிளையன்டுக்கு மட்டுமேயா? சிறுபத்திரிகையின் ஒரே ஒரு இதழில் உள்பக்கத்தில் வரும் படத்தையும், உலகம் முழுக்க ஐந்து வருடம் பெட்டிகளில் அச்சாகும் படத்தையும் வரைய ஒரே நேரம் பிடிக்கலாம். விலை ஒன்றாக இருக்கக் கூடாது. வீட்டை வாடகைக்கு விடுவதற்கும் விற்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

"எல்லா உரிமையும் வேண்டும்" என்று கிளையன்ட் சொன்னால் பயப்படாதீர்கள். எதற்காக என்று கேளுங்கள். பலருக்குத் தேவைப்படுவது குறிப்பிட்ட ஒரு பயன்பாடுதான். உண்மையிலேயே முழு உரிமையும் வேண்டுமென்றால், அது பல மடங்கு விலை உள்ள வேறொரு பேரம்.

படி 4: எழுத்தில் போடுங்கள்

மின்னஞ்சலாக இருந்தாலும் பரவாயில்லை, இவை இருக்க வேண்டும்: எத்தனை படம், என்ன அளவு, என்ன தேதி, ஸ்கெட்ச் நிலையில் இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம், பாதித் தொகை அட்வான்ஸ், இடையில் நிறுத்தினால் எந்த நிலையில் எவ்வளவு ரத்துக் கட்டணம். முழுப் பணம் வந்த பிறகே உரிமம் செல்லும் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஏஐ கருவிகளுக்குப் பயிற்சி கொடுக்க இந்தப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும் இப்போது சேர்க்க வேண்டும்.

படி 5: வேலை கொடுப்பவரைத் தேடுவது

பிடித்த புத்தகத்தின் விவரப் பக்கத்தில் ஆர்ட் டைரக்டர் (படங்களுக்குப் பொறுப்பானவர்) அல்லது வடிவமைப்பாளர் பெயர் இருக்கிறதா பாருங்கள். அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்; நான்கு வரி, மூன்று படம், உங்கள் படத் தொகுப்புக்கு ஒரு இணைப்பு போதும். பதில் வராவிட்டால் சில மாதம் கழித்துப் புதுப் படத்தோடு மறுபடி எழுதுங்கள். இது தொந்தரவு இல்லை; வேலை இருக்கும் நேரத்தில் உங்கள் பெயர் கண்ணில் படுவதற்கான வழி. சமூக ஊடகம் உதவும்தான், ஆனால் சொந்த வலைத்தளம் அவசியம்.

அச்சுக்குக் கொடுக்கும்போது பொதுவாக 300 டிபிஐ (படத்தின் துல்லியம்), சிஎம்ஒய்கே (அச்சுக்கான நிற முறை), சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போகும்படி ஓரத்தைத் தாண்டி வரையும் பகுதி). அச்சகத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 6: வருமானத்தைப் பிரித்து வையுங்கள்

ஒரே கிளையன்டிடமிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருமானம் வந்தால், அடுத்தவரைத் தேடத் தொடங்குங்கள். உரிமக் காலம் முடிந்த படங்களை வேறொருவருக்கு உரிமம் கொடுக்கலாம், பிரிண்ட் விற்கலாம், வகுப்பு எடுக்கலாம். விற்பனையில் பங்கு தரும் ராயல்டி ஒப்பந்தத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: முன்பே வாங்கிய அட்வான்ஸ் தொகை உங்கள் பங்கில் கழிந்த பிறகுதான் மேற்கொண்டு பணம் வரும்.

படி 7: வேலைத்தடங்களைச் சேமியுங்கள்

ஏஐ உருவாக்கியது போல, மனிதர் படைக்காத பகுதிக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதே அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலைப்பாடு. உரிமைச் சிக்கல் இல்லாத படம் தேவைப்படும் பதிப்பகம், நீங்களே வரைந்தீர்களா என்று கேட்கலாம். அதைக் காட்ட வேலைத்தடங்கள் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர் திறந்து, முதல் கிறுக்கல், லேயர் ஃபைல் (படத்தின் அடுக்குகள் தனித்தனியாக இருக்கும் கோப்பு), ஒப்பந்தம், பில் எல்லாவற்றையும் தேதியோடு அதில் போட்டு, இன்னொரு பிரதியை வேறு டிரைவில் வையுங்கள்.