ஓவிய வகுப்புக்கு ஒரு பூவரச இலை

"இலை வரையுங்கள்" என்றால் வகுப்பே ஒரே மாங்கொட்டை வடிவத்தைப் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்துவிடும். கரும்பலகையில் நாம் வரைந்து காட்டினால் அதையே அப்படியே பார்த்துப் போடுவார்கள். அதற்குப் பதிலாக ஆளுக்கொரு பூவரச இலையைக் கையில் கொடுங்கள். அன்று பறித்ததாக இருக்கட்டும், காய்ந்தது நொறுங்கிவிடும்.

நரம்பு புடைத்த அடிப்பக்கம் மேலே இருக்கும்படி இலையை வைத்து, அதன்மேல் மெல்லிய தாளைப் போட்டு, கிரேயானைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கிரேயானைச் சுற்றியிருக்கும் காகிதத்தை முதலிலேயே உரித்துவிட வேண்டும். முனையால் தேய்த்தால் தாள்தான் கிழியும், நரம்பு விழாது. காம்பருகிலிருந்து நரம்புகள் விரல் விரித்தாற்போலப் பிரிவது தாளில் எழும்பி வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் அதே இலையைப் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் வரையட்டும். ரப்பர் வேண்டாம். தப்பான கோடு இருந்துவிட்டுப் போகட்டும், சரியானதை அதன் பக்கத்திலேயே போடலாம். பூச்சி அரித்த ஓட்டையைக்கூட விடாமல் ஒரு பிள்ளை வரைந்திருந்தால், அதை மறக்காமல் பாராட்டுங்கள்.