உரிமைப் பிரகடனங்களைப் படிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஆறாம் படிவத்துக்கு வரும் மாணவர்களையும், சட்டநூல் எதையும் இதுவரை புரட்டாத பெரியவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தேவையானவை மூன்று: 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனம், 1789ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமைப் பிரகடனம், மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 5 முதல் 13 வரையிலான விதிகள்.

படி 1: அடிப்படைக் கருத்து
ஆள்பவர் இயற்றும் சட்டத்துக்கும் மேலாக, மனித அறிவு தானே கண்டறியக்கூடிய ஒரு நீதி உண்டு என்பதே இயற்கைச் சட்டக் கொள்கை. உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவை அரசு தோன்றும் முன்பே மனிதருக்கு உரியவை என்றும், அவற்றைக் காப்பதற்காகவே மக்கள் அரசிடம் அதிகாரத்தை ஒப்படைத்தனர் என்றும், அந்த நம்பிக்கையைக் குலைக்கும் அரசை அவர்களே நீக்கலாம் என்றும் ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1689இல் வாதிட்டார். புரட்சிக்கு வழிவிட்டது இறுதியில் உள்ள கூற்றுதான்.

படி 2: உரிமையைத் தந்தவர் யார்?
படைத்தவர் என்கிறது அமெரிக்கப் பிரகடனம். சுதந்திரம், உடைமை, பாதுகாப்பு, ஒடுக்குமுறையை எதிர்த்தல் ஆகிய நான்கும் இயற்கையானவை என்கிறது பிரெஞ்சுப் பிரகடனத்தின் 2ஆம் விதி. அரசர் கொடுக்காததை அரசர் பறிக்கவும் இயலாது.

படி 3: யாருக்கு உரிமை?
இங்கே அவசரப்பட வேண்டாம். அமெரிக்கப் பிரகடனத்தில் எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய ஜெபர்சனிடமே அடிமைகள் இருந்தனர். பிரெஞ்சுப் பிரகடனம் பெண்களை விட்டுவிட்டதால், பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஒலிம்ப் த கூஜ் 1791இல் பெண்களுக்கெனத் தனிப் பிரகடனம் எழுதினார். பிரான்சின் ஆட்சியில் இருந்த இன்றைய ஹைட்டியில் அதே ஆண்டு அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகே, 1794இல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது. இயற்கைச் சட்டத்தை ஏட்டில் எழுதியவர்களைவிட, அதிலிருந்து விலக்கப்பட்டவர்களே அதை முழுப் பொருளில் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து.

படி 4: அதே கேள்வி, நமது அரசமைப்பிடம்
5, 6 ஆகிய விதிகளும் 8ஆம் விதியின் முதல் உட்பிரிவும் எல்லா மனிதருக்கும் பொதுவாகப் பேசுகின்றன; பேச்சு, கூட்டம், சங்கம் பற்றிய 10ஆம் விதியோ குடிமக்களுக்கு மட்டுமே உரியது. தோட்டத்திலேயே வளர்ந்தும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள்: அடிமைத்தனத்தையும் கட்டாய உழைப்பையும் தடுக்கும் 6ஆம் விதி அவருக்கும் காவல், 10ஆம் விதி அப்படியல்ல. (ஒப்பந்தக் கூலிமுறை 1910 வரை நீடித்த மண்ணில், 6ஆம் விதியை வெறும் சம்பிரதாயமாகப் படித்துவிட முடியாது.)

படி 5: ஒப்பீட்டு அட்டவணை
பிரெஞ்சு விதியின் நான்கு உரிமைகளை ஒரு பக்கமும், நமது விதிகளை எதிர்ப் பக்கமும் எழுதுங்கள். சுதந்திரத்துக்கும் சட்டவிரோதக் கைதுக்கெதிரான பாதுகாப்புக்கும் 5ஆம் விதி, உடைமைக்கு 13ஆம் விதி அமையும். ஒடுக்குமுறையை எதிர்க்கும் உரிமைக்கு நேராக எழுத விதி ஏதும் கிடைக்காது. தேர்தலும் நீதிமன்றமும் அதற்கு எவ்வளவு தூரம் ஈடாகும் என்பதை வகுப்பில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.