நீங்களே உருவாக்கிய ஆர்பிஜிக்கு லோகோ வேண்டுமா? கேரக்டர் ஷீட்டில் தொடங்குங்கள்

ஆர்பிஜி என்றால் ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதை ஆட்டம். அதன் விதிகளை எழுதி முடித்த கையோடு எல்லோரும் லோகோ வரையத்தான் உட்காருவார்கள். கொஞ்சம் பொறுங்கள். விதிப்புத்தகத்தின் அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் புரட்டிவிடுவார்கள், ஆனால் ஆட்டம் முடிகிற வரை ஆடுகிறவர்களின் கண்ணெதிரே கிடப்பது, அவரவர் பாத்திரத்தின் விவரங்களைக் குறித்துவைக்கும் தாளான கேரக்டர் ஷீட்தான். அதை முதலில் வடிவமையுங்கள். அங்கே அமைகிற கோடு, கட்டம், எழுத்து எல்லாம்தான் உங்கள் ஆட்டத்தின் முகம், லோகோவும் அதிலிருந்தே பிறக்க வேண்டும்.

ஷீட்டில் எந்த எண் அடிக்கடி மாறும் என்று பாருங்கள். உயிர்ப்புள்ளி (பாத்திரத்துக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் எண்) என்றால் அதன் கட்டம் பெரிதாக, அழித்து அழித்து எழுதத் தோதாக இருக்கட்டும். பழைய காகிதம் மாதிரி பின்னணி போடும் ஆசை வரும், தயவுசெய்து வேண்டாம். வீட்டுப் பிரிண்டரில் கருப்பு வெள்ளையில் எடுத்தால் அது சாம்பல் திட்டாகிவிடும், பென்சில் எழுத்தும் தெரியாது.

எழுத்துரு இரண்டு போதும். விதிகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது ஹிந்த் மதுரை, தலைப்புக்குக் கவிவனார் மாதிரி கொஞ்சம் குணமுள்ள ஒன்று. மூன்றுமே ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை, விற்கிற புத்தகத்திலும் தாராளமாகப் போடலாம். நிறம், கருப்போடு இன்னொன்று. சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் பத்திரம் என்று நிறத்தை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூடவே ஒரு குறியும் வையுங்கள்.

சரி, இப்போது லோகோ. டிராகன், வாள், இருபது முகப் பகடை எல்லாம் ஏற்கெனவே எங்கும் இருக்கின்றன. அதிலும் உங்கள் ஆட்டம் ஆறு முகப் பகடையில் நடந்தால் அந்த இருபது முகம் பொய் சொல்லும். ஆடுகிறவர்கள் என்ன செய்கிறார்களோ அதை வரையுங்கள். ஆட்டத்தின் பெயர் ‘மூழ்கிய நகரம்’, எல்லோரும் முக்குளிப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘ழ்’, ‘ம்’ இரண்டிலும் இருக்கிற புள்ளியைக் காற்றுக்குமிழியாக்கி, இரண்டாவதைச் சற்று மேலே மிதக்க விடலாம். ரொம்ப உயரப் போய்விட்டால் ‘நகரம’ என்று படிப்பார்கள், அங்கே கவனம். முதலில் வெறும் கருப்பில் வரைந்து கட்டைவிரல் நகமளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ‘ழ’வின் சுழி அடைபட்டுப் போனால் கோட்டை மெலிதாக்குங்கள், அல்லது சுழியைப் பெரிதாக்குங்கள். நிறம் அப்புறம்தான்.

வரைய இங்க்ஸ்கேப் மென்பொருள் போதும், இலவசம். மூலக் கோப்பை எஸ்விஜியாக (படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் வடிவம்) வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதறாது. அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் மட்டும் எழுத்துகளைப் பாத்தாக (path, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாமல் எழுத்து உடையும். படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), ஓரம்வரை நிறம் போகிற பக்கங்களுக்குச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல். நிறக்குறியீடு, ஃபான்ட் பெயர், லோகோவைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, படம் வரைந்து தருகிற நண்பருக்கு வேலை தொடங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள்.